ஏழும் தொண்ணூறும்: லக்ஸம்பர்க் நாட்குறிப்பு

நாள் 1, ஞாயிறு

விமான நிலைய வாசலிலேயே டிராம் நின்றுகொண்டிருந்தது. டிக்கெட் எங்கே வாங்க வேண்டும் என்று மருமகனிடம் கேட்டேன். "டிக்கெட்டே கிடையாது அத்தை, ஏறி உட்காருங்கள்" என்றார். நான் நம்பவில்லை. மத்திய நிலையத்தில் இறங்கி எஷ் ஊருக்கு ரயில் மாறியபோதும் யாரும் வந்து எதையும் கேட்கவில்லை. 2020 பிப்ரவரி 29 முதல் இந்த நாடு முழுக்க பஸ், டிராம், ரயில் எல்லாம் இலவசமாம். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும்தான் காசு. இருந்தாலும் எஷ் வந்து சேரும்வரை கைப்பை ஜிப்பிலிருந்து என் கை விலகவில்லை. கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே முப்பத்து மூன்று வருடம் பஸ்ஸில் சில்லறை எண்ணிய கை அது.

நான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். கோட்டை, கோபுரம், பாலம் பார்க்கும் ஆசை பெரிதாக இல்லை. என்னை இங்கே இழுத்து வந்தது பேரனின் ஒரு வாக்கியம். போன மாதம் தொலைபேசியில், "ஆச்சி, நான் இப்போது இரண்டு புள்ளி இரண்டில் படிக்கிறேன்" என்றான். வகுப்புக்குத் தசம எண் வைக்கும் ஊர் எது என்று பார்க்காமல் எப்படி இருப்பது?

தூத்துக்குடி மாவட்டத்தில் ஏறத்தாழப் பாதி அளவு இந்த நாடு, 2,586 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஏழு லட்சத்தைத் தொடவில்லை. அதிலும் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள். போதாதென்று பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் தினமும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் காலையில் வேலைக்கு வந்து மாலையில் திரும்புகிறார்கள். ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்த பெண் அரை மணி நேரத்துக்குள் மூன்று தொலைபேசி அழைப்புகளில் மூன்று மொழி பேசினாள்.

வீட்டுக் கதவைத் திறந்த பேரன் "வாங்க ஆச்சி" என்றான். அடுத்த நொடியே படிக்கட்டில் கீழே ஓடி, கீழ்வீட்டுப் பையனிடம் வேறு மொழியில் ஏதோ சொன்னான். என்னைப் பற்றித்தான்.


நாள் 2, திங்கள்

காலை எட்டு மணிக்கு முன்பே பள்ளி வாசல். இன்னும் சரியாக விடியவில்லை. டிசம்பர் மாதத்தில் இங்கே சூரியன் தாமதமாகத்தான் வேலைக்கு வருகிறது. ஆசிரியை வாசலில் நின்று ஒவ்வொரு குழந்தைக்கும் "மோயன்" சொல்கிறார். எந்த நேரத்திலும் சொல்லக்கூடிய வணக்கம் அது.

தசமப் புதிரை மகள் அவிழ்த்தாள். 2009ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கக் கல்வியை நான்கு சுற்றுகளாகப் பிரித்தது. முதல் சுற்று விளையாட்டுப் பள்ளி. நான்கு வயதிலிருந்து கட்டாயம், மூன்று வயதில் விருப்பம். பிறகு ஆறு வயது முதல் இரண்டிரண்டு வருடமாக மூன்று சுற்றுகள். 2.2 என்றால் இரண்டாம் சுற்றின் இரண்டாம் வருடம். இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டியதை ஒரு குழந்தை முடிக்கவில்லை என்றால் அந்தச் சுற்றை மூன்று வருடமாக நீட்டிக்கலாம். "ஃபெயில் என்று சொல்வதில்லை, நீட்டிப்பு என்கிறார்கள்" என்றாள் மகள். பெயர் நன்றாக இருக்கிறது. நீட்டிப்பு கிடைத்த குழந்தைக்கும் அப்படித் தோன்றுமா என்று கேட்டேன், அவள் சிரித்தாள்.

இரண்டாம் சுற்றில் மதிப்பெண் கிடையாது, ரேங்க் கிடையாது. ஒவ்வொரு பருவ முடிவிலும் ஆசிரியர் பெற்றோரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, குழந்தைக்கு எது கைவந்திருக்கிறது, எது இன்னும் வரவில்லை என்று பேசுகிறார். என் வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். அப்படித் தனித்தனியே பேசியிருந்தால் நான் ஓய்வுபெற்ற பிறகும் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

பள்ளிக் கட்டடம் உள்ளாட்சியின் பொறுப்பு, ஆசிரியர் அரசாங்க ஊழியர். ஆசிரியர் சம்பளத்தில் வளர்ந்த நாடுகளின் பட்டியலில் இது முன்வரிசையில் நிற்கும் நாடு. பொறாமைப்படுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த வேலைக்கு மூன்று மொழியிலும் தேர்வு எழுதித் தேற வேண்டும்.

இன்று நான் பார்த்ததில் முக்கியமானது வேறு. ஆசிரியை வாசலில் குழந்தைகளோடு பேசியது லக்ஸம்பர்கிஷ். விளையாட்டுப் பள்ளியிலும் அதுதான் பேச்சு மொழி. ஆனால் ஆறு வயதில் எழுத்துக் கற்கத் தொடங்கும்போது, அந்த எழுத்து ஜெர்மன். வாசிப்பு ஜெர்மனில், கணக்கு ஜெர்மனில். பிரெஞ்சு முதலில் காதுக்கும் வாய்க்கும் மட்டும் வரும். மூன்றாம் சுற்றில், எட்டு வயதில், எழுத்துக்கும் வந்துவிடும்.

இதை என் தோழி ஒருத்தியிடம் தொலைபேசியில் சொன்னபோது, "பேசுவது ஒரு மொழி, எழுதுவது ஒரு மொழியா? பாவம் குழந்தைகள்" என்றாள். நாம் மட்டும் என்ன செய்கிறோம்? வீட்டில் பேசும் தமிழை அப்படியே கட்டுரை நோட்டில் எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டவர்கள்தானே நாம். வீட்டில் லக்ஸம்பர்கிஷ் பேசுகிற குழந்தைக்கு ஜெர்மன் ஏறக்குறைய அப்படித்தான். நமக்கு எழுத்துத் தமிழ் போல. சொற்கள் முகம் தெரிந்தவை, உடை மட்டும் வேறு.

சிக்கல் எங்கே என்றால், இன்று தொடக்கப் பள்ளியில் வீட்டு மொழி லக்ஸம்பர்கிஷாக உள்ள குழந்தைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு அது உடை மாற்றம் இல்லை, முன்பின் தெரியாத ஆள்.


நாள் 3, செவ்வாய்

செவ்வாயும் வியாழனும் மதியத்தோடு பள்ளி முடிந்துவிடும். திங்கள், புதன், வெள்ளிகளில் மட்டும் பிற்பகல் வகுப்பு. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அரை நாள் பள்ளியை எப்படிச் சமாளிப்பது? அதற்குத்தான் மெஸோன் ரலே என்ற பகல்வீடு. மதியச் சாப்பாடு, வீட்டுப்பாடம், விளையாட்டு எல்லாம் அங்கே. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடக்கும் வாரங்களில் 2022 முதல் கட்டணமில்லை. நான் இருப்பதால் பேரன் இன்று அங்கே போகாமல் வீட்டுக்கு வந்தான். ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு வீட்டுப்பாடத்தை எடுத்து வைத்தான். கணக்கு!

பத்து இருபது கூட்டல்கள் இருந்தன. நானும் சும்மா இருக்காமல், எண்களை வாயால் சொல்கிறேன், நீ எழுது என்றேன். தமிழில் "தொண்ணூற்று ஏழு" என்றேன். 97 என்று எழுதினான். இப்போது பள்ளியில் டீச்சர் சொல்வது போல நீ சொல் என்றேன்.

"ஸீபன்-உன்ட்-நொயின்ஸிக்."

அப்படியென்றால்? "ஏழும் தொண்ணூறும்." ஜெர்மனில் ஒன்றாம் இடம் முதலில் வருகிறது, பத்தாம் இடம் பின்னால். லக்ஸம்பர்கிஷிலும் அதே வரிசைதான். அதனால் சொல்வதைக் கேட்டு எழுதும்போது பேரன் வலது பக்கம் 7 போட்டுவிட்டு, பேனாவைத் தூக்கி, இடது பக்கம் வந்து 9 போடுகிறான். எண்ணை வலமிருந்து இடமாகக் கட்டுகிறான். முப்பத்து மூன்று வருடத்தில் நான் இப்படி ஒரு கையசைவைப் பார்த்ததில்லை. சோபாவில் உட்கார்ந்தபடி அவனுக்கு எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தேன், அந்தக் கை தாவுவதைப் பார்ப்பதற்காக.

சாயங்காலம் மகள் வந்தவுடன், பிரெஞ்சில் 97 எப்படி என்று கேட்டேன். "கத்ர்-வான்-தி-செத்" என்றாள். நாலு-இருபது-பதினேழு. நாலு இருபது எண்பது, அதோடு பதினேழு. அதாவது பேரன் பன்னிரண்டு வயது வரை ஏழும் தொண்ணூறும் என்று கணக்குப் போடுவான். மேல்நிலைப் பள்ளிக்குப் போன முதல் நாள் அதே எண் நாலு இருபதும் பதினேழும் ஆகிவிடும். ஏனென்றால் இங்கே மேல்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் பிரெஞ்சு மொழியில்! மற்றப் பாடங்கள் ஜெர்மனிலேயே தொடர, கணக்கு மட்டும் முதலில் கட்சி மாறுகிறது.

நம் தமிழும் யோக்கியமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எண்பது வரை ஒழுங்காக வந்துவிட்டு, அதற்கடுத்து நூறை முன்கூட்டியே இழுத்து வைத்துத் தொண்ணூறு என்கிறோம். தொள்ளாயிரத்திலும் அதே திருட்டுத்தனம். என் மாணவர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நானும் நிம்மதியாக ஓய்வுபெற்றேன்.

இரண்டு மொழியும் சரளமாகத் தெரிந்த பெரியவர்களே இரட்டை இலக்கக் கூட்டலைத் தாங்கள் முதலில் படித்த மொழியில்தான் வேகமாகப் போடுகிறார்கள் என்று இந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்களாம். மருமகனைச் சோதித்தேன். வங்கி ஒன்றில் ஆங்கிலத்தில் வேலை பார்ப்பவர். பதினேழு ஏழு எவ்வளவு என்றால் உதடு தமிழில் அசைகிறது.


நாள் 4, புதன்

தலைநகரம் போனேன், தனியாக. இலவச ரயிலுக்குப் பழகிவிட்டேன். கைப்பையைத் தோளிலேயே விட்டுவிட்டேன்.

மாதா பேராலயத்தை ஒட்டி ஒரு பழைய கட்டடம். 1603இல் ஏசு சபையினர் தொடங்கிய கல்லூரி அங்கேதான் இருந்தது. அதுதான் பின்னாளில் அத்தெனே என்ற பெயர் பெற்ற பள்ளி. பேராலயமே அந்தக் கல்லூரிக்காகக் கட்டிய கோயில். பள்ளி 1964இல் நகரின் இன்னொரு பகுதிக்கு இடம் மாறி இன்றும் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவரான ராபர்ட் ஷூமான் படித்தது இந்தப் பள்ளியில்தான். குளிர் தாங்காமல் பேராலயத்துக்குள் போய் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஏன் இத்தனை மொழி என்பதற்கு இந்த நாட்டு வரைபடமே பதில். 1839இல் லண்டன் உடன்படிக்கைப்படி நாட்டின் மேற்குப் பாதி, பிரெஞ்சு வழங்கிய பகுதி முழுவதும், பெல்ஜியத்துக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தவர்கள் எல்லோரும் வீட்டில் ஜெர்மானியப் பேச்சு பேசியவர்கள். பிரெஞ்சு அத்தோடு ஒழிந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? நான்கே வருடத்தில், 1843ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் ஜெர்மனோடு பிரெஞ்சையும் கட்டாயமாக்கியது. நிர்வாகமும் நீதிமன்றமும் மேட்டுக்குடியும் பிரெஞ்சில் இயங்கின. ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால் பெரிய அண்டை வீட்டுக்காரன் விழுங்கிவிடுவான் என்ற பயமும் இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம். 1881இல் ஆறு வயது முதல் பன்னிரண்டு வரை கட்டாயக் கல்வி வந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் லக்ஸம்பர்கிஷை ஒரு பாடமாக உள்ளே விட்டது. அந்த 1912 சட்டம்தான் 2009 வரை தொடக்கக் கல்விக்கு அடித்தளம். ஒரு நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவு. இடையில் இரண்டு உலகப் போர்கள், எஃகு ஆலைகள், வங்கிகள், இத்தாலியர், போர்ச்சுகீசியர் எல்லாம் வந்தாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் பிடித்தவுடன் பிரெஞ்சைத் தடை செய்தார்கள். 1941 அக்டோபர் 10 தேதியிட்ட கணக்கெடுப்புப் படிவத்தில் குடியுரிமை, தாய்மொழி, இனம் என்று மூன்று கேள்விகள். ஜெர்மன் என்று எழுத வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மூன்று இடத்திலும் லக்ஸம்பர்கிஷ் என்று எழுதும்படி தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்தினர் வீடுவீடாகச் சொல்லி வைத்தார்கள். மாதிரிக்குப் பார்த்த படிவங்களைக் கண்டதும் நாஜிகள் கணக்கெடுப்பையே கைவிட்டார்கள். மறு வருடம் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து எழுந்த வேலைநிறுத்தத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் இறங்கினார்கள். கொல்லப்பட்ட 21 பேரில் ஆசிரியர்களும் உண்டு.

இதைப் படித்த பிறகு ஒரு சங்கதி உறுத்துகிறது. மூன்று முறை தன் மொழியின் பெயரை எழுதி உயிரைப் பணயம் வைத்த மக்கள், போர் முடிந்ததும் பிள்ளைகளுக்கு எழுத்தை மறுபடி ஜெர்மனிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். லக்ஸம்பர்கிஷைச் சட்டப்படி தேசிய மொழி என்று அறிவித்ததே 1984இல்தான். உணர்ச்சி ஒரு பக்கம், பாடப்புத்தகம் ஒரு பக்கம். நம் ஊரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.


நாள் 5, வியாழன்

பெல்வால். எஷ் ஊரின் விளிம்பில், பழைய எஃகு ஆலை இருந்த இடம். 1997இல் இங்கே கடைசி ஊதுலை அணைந்தது. இரண்டு ஊதுலைகளை இடிக்காமல் அப்படியே துரு நிறத்தில் நிறுத்திவைத்து, அவற்றைச் சுற்றிப் பல்கலைக்கழகத்தைக் கட்டியிருக்கிறார்கள். பல்கலைக்கழகம் தொடங்கியதே 2003இல். இந்த வளாகத்துக்கு வந்தது 2015இல். அதற்கு முன் முழுப் பட்டம் வேண்டுமென்றால் வெளிநாடு போக வேண்டும். அந்தப் பழக்கம் முற்றிலும் போகவில்லை போலும்: இப்போதும் இளநிலை மாணவர்கள் ஒரு பருவமாவது வெளிநாட்டில் படித்தாக வேண்டும். இரும்புத் தாது கொட்டி வைத்திருந்த கட்டடம் இன்று நூலகம். மேல்தளத்திலிருந்து பார்த்தால் ஊதுலையின் குழாய்கள் யானைத் துதிக்கை போல வளைந்து கிடக்கின்றன.

திரும்பும்போது ரயில் நிலையத்தில் ஒரு மாணவி பேச்சுக் கொடுத்தாள், நல்ல ஆங்கிலத்தில். பள்ளியில் அது அவளுக்கு நான்காவது மொழி. எந்த வகுப்பு என்றேன். "இரண்டாம் வகுப்பு." வயது பதினேழு இருக்கும். விழித்தேன். இங்கே மேல்நிலைப் பள்ளி வகுப்புகளைத் தலைகீழாக எண்ணுகிறார்கள்: ஏழில் நுழைந்து, ஆறு, ஐந்து, நான்கு என்று இறங்கி ஒன்றில் முடிப்பார்கள். முதலாம் வகுப்பில் தேறினால் பள்ளிப் படிப்பு முடிந்தது. மதிப்பெண் அறுபதுக்கு; முப்பது எடுத்தால் தேர்ச்சி, குறைந்தால் அதற்கு "தாட்ஸ்" என்று பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர்.

அவள் படிப்பது செவ்வியல் பள்ளி. பல்கலைக்கழகத்தை நோக்கிய ஏழு வருடப் பாதை. ஏழு, ஆறு, ஐந்து ஆகிய முதல் மூன்று வகுப்புகளில் கணக்கைத் தவிர மற்றவை பெரும்பாலும் ஜெர்மனில், நான்காம் வகுப்பிலிருந்து பிரெஞ்சில். மூன்றாம் வகுப்பிலிருந்து பிரிவுகளுக்கு எழுத்துகள்: ஏ என்றால் மொழிகள், பி கணிதம், சி இயற்கை அறிவியல், டி பொருளியல் என்று போகிறது. இவள் பி. கேட்டவுடன் எனக்குப் பிடித்துப்போயிற்று. இன்னொரு பாதை பொதுப் பள்ளி. தொழிற்கல்வி, தொழில்நுட்பம், பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் அங்கிருந்தும் வழி உண்டு, பாடம் பெரும்பாலும் ஜெர்மன். அதற்கும் கீழே ஆயத்த வகுப்பு என்று ஒன்று. யார் எந்தப் பாதை என்பது பன்னிரண்டு வயதில், 4.2 முடியும்போது, ஆசிரியரும் பெற்றோரும் உட்கார்ந்து பேசும் கூட்டத்தில் முடிவாகிறது.

"பிரெஞ்சில் கணக்குப் படிக்கக் கஷ்டமாக இருந்ததா?" என்று கேட்டேன். "முதல் சில மாதம். வீட்டில் நாங்கள் லக்ஸம்பர்கிஷ் பேசுவோம், ஜெர்மன் எப்போதும் சிரமமாக இருந்ததில்லை. அதனால் முழு பலத்தையும் பிரெஞ்சில் போட முடிந்தது" என்றாள். ரயில் வந்துவிட்டது. அவள் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன்.

கீழ்வீட்டுப் பையனைப் பற்றி மகள் சொன்னது இதற்கு நேர் எதிர். பதினொரு வயது; இப்போது 4.2. போர்ச்சுகீசியக் குடும்பம். 1970இல் இரண்டு நாடுகளும் தொழிலாளர் ஒப்பந்தம் போட்ட பிறகு கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்தவர்கள் இன்று நாட்டின் மிகப் பெரிய அயல்நாட்டுச் சமூகம். அவர்களுடைய பிள்ளைகளுக்கு வீட்டு மொழி பிரெஞ்சின் பக்கத்து வீடு, ஜெர்மனுக்கு வெகு தூரம். செவ்வியல் பள்ளிகளில் அந்தப் பெயர்களைக் குறைவாகத்தான் பார்க்க முடியும் என்பது இங்கே எல்லோரும் அறிந்த விஷயம். இந்தப் பையனுக்குக் கணக்கு நன்றாக வருமாம், ஆனால் கணக்கு வினா ஜெர்மனில் நாலு வரியாக வரும்போது முதல் வரியிலேயே நின்றுவிடுகிறானாம். வசந்த காலத்தில் அவனுக்கு அந்தக் கூட்டம். அவன் அம்மாவுக்குத் தூக்கமில்லை.

மாலையில் அவன் மேலே வந்தான். நான் ஒரு தாளில் மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு, நடுவில் 5 எழுதி, மூலையில் 2 எழுதி, எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வர வேண்டும் என்பதை விரல்களாலும் கூட்டல் குறியாலும் காட்டினேன். ஒரு சொல் பேசவில்லை. இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டு அடுத்தது கொடு என்பது போல நிமிர்ந்து பார்த்தான்.


நாள் 6, வெள்ளி

மழை. ஷெங்கன் போய் வந்தோம். 1985 ஜூன் 14 அன்று ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் கையெழுத்துப் போட்டு எல்லைகளைத் தளர்த்தினார்களே, அந்த ஊர். திராட்சைத் தோட்டம் எல்லாம் குளிரில் குச்சியாக நிற்கிறது. பாலத்தைக் கடந்தால் ஜெர்மனியின் பெர்ல். அங்கே 2007 முதல் இரண்டு நாடும் சேர்ந்து நடத்தும் ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. லக்ஸம்பர்க் பிள்ளைகள் காலையில் பாலம் தாண்டிப் போய்ப் படிக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தோம். குடை மடங்கிவிட்டது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

பஸ்ஸில் மருமகன் சொன்ன ஒரு செய்தி: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முன்னோடியான நிலக்கரி, எஃகு கூட்டமைப்பின் அதிகாரிகள் 1953இல் தங்கள் பிள்ளைகளுக்கென்று முதல் ஐரோப்பியப் பள்ளியைத் தொடங்கியது லக்ஸம்பர்க்கில்தான். அங்கே குழந்தை தன் மொழிப் பிரிவிலேயே எழுதப் படிக்கத் தொடங்கலாம். அதே பாடத்திட்டத்தில் 2016 முதல் அரசே கட்டணமில்லாத பன்னாட்டுப் பள்ளிகளை நடத்துகிறது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று பிரிவைத் தேர்ந்துகொள்ளலாம். "பேரனை ஏன் அங்கே போடவில்லை?" என்றேன். "தெருவில் விளையாடும் பிள்ளைகளோடு படிக்கட்டும் என்று நினைத்தோம் அத்தை. சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை" என்றார்.


நாள் 7, சனி

டிசம்பர் 6, க்லேஸ்ஷன் நாள். புனித நிக்கோலாஸ் கழுதையோடு வந்து பரிசு வைத்துவிட்டுப் போவார். கூடவே கறுப்பு அங்கி போட்ட ஹௌஸக்கர், குறும்புக்காரப் பிள்ளைகளுக்கு விளார் கொண்டு வருவார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த நாளில் விடுமுறை. இந்த வருடம் சனிக்கிழமையில் விழுந்ததால் விடுமுறை போயிற்று என்று பேரனுக்கு நேற்று முழுக்க முகம் இல்லை. தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் வந்த வருடங்களில் என் வகுப்பு முகங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது போல இருந்தது. இரவு மேசையில் தட்டு வைத்துவிட்டுத் தூங்கினான். காலையில் அதில் சாக்லேட், ஆரஞ்சு, மனித உருவத்தில் சுட்ட ஒரு ரொட்டி. அதற்கு போக்ஸமெண்ஷன் என்று பெயர்.

மருமகன் நாளிதழில் ஒரு செய்தியைக் காட்டினார். அடுத்த கல்வியாண்டிலிருந்து, 2026-27 முதல், ஆறு வயதில் எழுத்தை ஜெர்மனில் தொடங்குவதா பிரெஞ்சில் தொடங்குவதா என்று பெற்றோர் தேர்ந்துகொள்ளலாம். 2022இல் நான்கு பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கியது, இனி நாடு முழுக்க. மற்ற நேரங்களில் இரு வகைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். தொடக்கப் பள்ளி முடிவதற்குள் இரண்டு மொழியும் இருவருக்கும் வந்துவிட வேண்டும் என்பது திட்டம். அதே ஆண்டிலிருந்து கட்டாயக் கல்வி வயதும் பதினாறிலிருந்து பதினெட்டாகிறது, படிப்பைப் பாதியில் விடுகிறவர்களை நிறுத்தி வைப்பதற்காக.

நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுவார்கள் என்று சிலர் பயப்படுகிறார்களாம். அந்தப் பயத்தையும் நான் தள்ளமாட்டேன். 2018இல் பதினைந்து வயதினருக்கு நடந்த பன்னாட்டுத் தேர்வில் வாசிப்பில் இந்த நாடு எடுத்தது 470, சராசரி 487. இத்தனை பணமும் இத்தனை ஆசிரியர்களும் இருந்தும். கீழ்வீட்டுப் பையனுக்கு ஆறு வயதில் பிரெஞ்சுப் புத்தகம் கொடுத்திருந்தால் அந்த நாலு வரியைத் தாண்டியிருப்பான் என்று நான் பந்தயம் கட்டுவேன். அவனுக்கு ஐந்து வருடம் பிந்திவிட்டது.

மதியம் கீழ்வீட்டுப் பாட்டி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். இந்த ஒரு வாரமாகப் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் நாங்கள் தலையசைத்துச் சிரிப்போம், அதற்கு மேல் வழியில்லை. உருளைக்கிழங்கோடு உப்புக்கண்ட மீன் சமைத்திருந்தார், பகல்யாவ் என்று பெயர். முதல் வாயிலேயே எனக்குக் கருவாடு ஞாபகம் வந்தது. ஆனால் உப்பு துளியும் உறைக்கவில்லை. எவ்வளவு நேரம் ஊற வைத்திருப்பார்? கேட்டே தீர வேண்டும் போல இருந்தது.

நான் பேரனிடம் தமிழில் கேட்டேன். பேரன் அந்தப் பையனிடம் லக்ஸம்பர்கிஷில் கேட்டான். பையன் தன் பாட்டியிடம் போர்ச்சுகீசியத்தில் கேட்டான். பாட்டி கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நீளமாக ஏதோ சொன்னார். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் கையிலிருந்தே தெரிந்தது. பையன் திரும்பி என் பேரனிடம் சொன்னான். பேரன் கூரையைப் பார்த்து யோசித்துவிட்டு என்னிடம் சொன்னான்:

"நாற்பத்திரண்டு மணி நேரம், ஆச்சி."

நாற்பத்திரண்டா? யாராவது அப்படி ஒரு கணக்கில் மீனை ஊற வைப்பார்களா? பையிலிருந்து பேனாவை எடுத்து, மேசைத் துடைப்புத் தாளை நகர்த்தி, "அந்த அண்ணன் சொன்னதை அப்படியே எழுது" என்றேன். பேரன் வாய்க்குள் "ஃபெயரன்-ஸ்வான்ஸிஷ்" என்று ஒருமுறை முணுமுணுத்தான். முதலில் ஒரு 4 போட்டான். பிறகு பேனாவைத் தூக்கி, இடது பக்கம் வந்து, 2 போட்டான்.

தாளைப் பாட்டியின் பக்கம் திருப்பினேன். அவர் பார்த்துவிட்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார்.